வெளிநாட்டில் இருந்துகொண்டு அப்பார்ட்மென்ட் கமிட்டி: எந்தப் பொறுப்பை ஏற்கலாம்?

எட்டாவது மாடி

பெரும்பாக்கம் பக்கம் 96 வீடுகள் உள்ள குடியிருப்பு. சங்கம், 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானது. வீடு என் பெயரிலும் மனைவி பெயரிலும் கூட்டாக இருக்கிறது, வாடகைக்கு விட்டிருக்கிறோம். இருப்பது சிங்கப்பூரில். வரும் ஏஜிஎம்மில் (ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டம்) கமிட்டிக்கு நிற்கச் சொல்கிறார்கள். பொருளாளர் பதவி என்று பேச்சு. வருடத்தில் இரண்டு வாரம்தான் சென்னையில் இருப்பேன்.

சட்டப்படி நிற்கலாமா? நின்றால் எந்தப் பொறுப்பு சரி? தண்ணீர், டீசல், செக்யூரிட்டி செலவையெல்லாம் அங்கிருந்து எப்படிச் சரிபார்ப்பது? "நல்ல மனசோடு செய்யுங்க" வகை அறிவுரை வேண்டாம். நடைமுறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

துணைவிதி

முதலில் சட்டப் புத்தகத்தை மூடிவிட்டு உங்கள் சங்கத்தின் பைலாவை (துணைவிதிகளை) திறங்கள். நான்கு இடங்களைப் பார்க்க வேண்டும்.

கமிட்டி உறுப்பினர் தகுதி. "வளாகத்தில் வசிக்கும் உரிமையாளர்" என்று ஒரு சொல் கூடுதலாக இருந்தால் உங்கள் கதை அங்கேயே முடிந்தது. "உரிமையாளர்" என்று மட்டும் இருந்தால் நிற்கலாம்.

கூட்டு உரிமை. வீடு இரண்டு பேர் பெயரில் இருந்தாலும் வாக்கு ஒன்றுதான். பத்திரத்தில் முதல் பெயர் யாருடையதோ அவரே உறுப்பினர் என்று பல பைலாக்கள் சொல்கின்றன. முதல் பெயர் உங்கள் மனைவியுடையது என்றால் அவர்தான் நிற்க வேண்டும், அல்லது அவரிடம் எழுத்துமூலச் சம்மதம் வாங்கி முன்கூட்டியே செயலாளரிடம் கொடுக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் கணவர் ஜெயித்துவிட்டு, பிறகு பிடிக்காதவர் ஒருவர் பத்திர நகலைக் காட்டித் தேர்தலையே செல்லாது என்று கிளப்புவது அடிக்கடி நடப்பது.

பாக்கி. இத்தனை மாத மெயின்டனன்ஸ் பாக்கி இருந்தால் நிற்க முடியாது என்று ஒரு வரி இருக்கும். உள்ளூர்க்காரர்களைவிட வெளிநாட்டில் இருப்பவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள். கேஒய்சி புதுப்பிக்காததால் வங்கி என்ஆர்ஓ கணக்கை (வெளிநாட்டில் இருப்பவரின் ரூபாய்க் கணக்கு) நிறுத்திவைக்கும். ஆட்டோ டெபிட் திரும்பும். எஸ்எம்எஸ் பழைய இந்திய நம்பருக்குப் போகும். வேட்புமனுவுக்கு முன் பாக்கி இல்லை என்று மேனேஜரிடம் ஒரு மின்னஞ்சல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டத்தில் கலந்துகொள்ளும் முறை. காணொளி வழியாக வந்தால் கோரத்தில் (கூட்டத்துக்கு வேண்டிய குறைந்தபட்ச வருகை) கணக்கு உண்டா, வாக்கு உண்டா என்று எழுதியிருக்க வேண்டும். பழைய பைலாக்களில் ஒரு வரிகூட இருக்காது. அப்படியானால் நீங்கள் கமிட்டிக்கு வருவதற்கு முன் பைலா திருத்தத்தைப் பொதுக்குழுவில் நிறைவேற்றிப் பதிவாளரிடம் தாக்கல் செய்யுங்கள். கமிட்டிக்குள் வந்த பிறகு கொண்டுவந்தால், தனக்காகவே திருத்துகிறார் என்பார்கள். அது நியாயமான பேச்சும்கூட.

இன்னொன்று. 1994-ஆம் ஆண்டு அடுக்குமாடிச் சட்டத்தின் இடத்தில் 2022-ஆம் ஆண்டுச் சட்டம் வந்து, 2024 மார்ச் 6 முதல் நடப்பில் இருக்கிறது. உங்கள் பைலா எந்தச் சட்டத்தைக் குறிப்பிடுகிறது என்று பாருங்கள். இன்னும் பழைய சட்டத்தின் பெயரையே தூக்கிக்கொண்டிருந்தால், திருத்த வேண்டியது காணொளி விதி மட்டும் இல்லை.

பழைய செயலாளர்

தம்பி, செயலாளர் பதவிய மட்டும் கையில வாங்காதீங்க. தலைவரும் வேணாம்.

செயலாளர்ங்கறவர் கையெழுத்துப் போடற ஆள் மட்டும் இல்ல. லிஃப்டுல ஆள் மாட்டிக்கிட்டா, மின்வாரிய ஆபீஸ்ல லோடு விஷயமா கூப்பிட்டா, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துல இருந்து எஸ்டிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) பாக்க வந்தா, வாட்ச்மேனுக்கும் டெலிவரி பையனுக்கும் கைகலப்புன்னு போலீஸ் வந்தா, எல்லாத்துக்கும் நேர்ல நிக்கற ஆள் அவருதான். நோட்டீஸ் அவர் பேருக்குத்தான் வரும். பதில் சொல்லாம கெடு தாண்டினா சங்கம்தான் மாட்டும்.

உங்க ஏரியாவுக்கே வரேன். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கமெல்லாம் நாள்கணக்குல தண்ணி நின்னுச்சு. கரன்ட் இல்ல, செல்போன் டவர் இல்ல. அந்த நேரத்துல உங்க நெட் பேங்கிங் ஒப்புதல் எதுக்கும் ஆகாது. டீசல் வாங்க ரொக்கம் வேணும். நிலத்தடித் தொட்டியான சம்ப்ல வெள்ளத் தண்ணி கலந்துருச்சான்னு மூடியத் திறந்து பாக்க ஆள் வேணும். கீழ்த்தளத்துல இருக்கற எலக்ட்ரிகல் பேனலை நேரத்துல அணைக்க முடிவெடுக்க ஆள் வேணும்.

பொருளாளரும் உள்ளூர்க்காரரா இருக்கணும்ங்கறதுதான் என் கட்சி. வெளிநாட்டுல இருக்கறவங்க கமிட்டி உறுப்பினரா இருந்து ஒரு தனி வேலைய எடுத்துக்கிட்டா போதும்.

டேலி தம்பி

பழைய செயலாளர் சார் சொல்வதில் பாதிக்கு ஒத்துக்கொள்கிறேன். செயலாளர், தலைவர் வேண்டாம், சரி. ஆனால் பொருளாளர் வேலையில் பெரும்பகுதி இப்போது திரையில்தான் நடக்கிறது. பிரச்சினை கையெழுத்து அதிகாரத்தில். இரண்டையும் பிரித்தால் தீரும்.

வங்கியில் இப்படி அமைக்கலாம். சங்கக் கணக்குக்கு நிறுவன வகை நெட் பேங்கிங் வாங்குங்கள், மேக்கர்-செக்கர் முறையோடு. மேனேஜரோ கணக்காளரோ பணப்பட்டியலை ஏற்றுவார் (மேக்கர்). ஒப்புதல் தருபவர் (செக்கர்) வேறு. 25,000 ரூபாய் வரை உள்ளூரில் இருக்கும் ஒருவர் ஒப்புதல் போதும். அதற்கு மேல் இரண்டு பேர். அந்த இரண்டில் ஒருவராக நீங்கள் இருக்கலாம், ஆனால் கட்டாயம் நீங்களே என்று வைக்கக் கூடாது. "மூன்று பேரில் எவரேனும் இருவர்" என்று தீர்மானத்தில் எழுதுங்கள். நீங்கள் விமானத்தில் இருக்கும்போது தீபாவளி போனஸ் நிற்கக் கூடாது.

கைச்செலவுக்கு மேனேஜரிடம் 15,000 ரூபாய். கணக்குக் காட்டினால்தான் மீண்டும் நிரப்புவது. ராத்திரி 11 மணிக்கு எஸ்டிபிக்குக் காற்று ஊதும் ப்ளோயர் மோட்டார் எரிந்தால், ரீவைண்டிங் ஆளைக் கூப்பிட அந்தப் பணம் இருந்தால் போதும். ப்ளோயர் ஒரு ராத்திரி முழுக்க நின்றால் காலையில் வளாகமே மூக்கைப் பொத்திக்கொள்ளும்.

கவனிக்க வேண்டியவை. மாதிரிக் கையெழுத்தும் கேஒய்சியும் நேரில் கேட்பார்கள், அதனால் ஏஜிஎம் தேதியை உங்கள் சென்னைப் பயணத்தோடு ஒட்டி வையுங்கள். வெளிநாட்டு முகவரி என்றதும் சில கிளைகள் தயங்கும். தேர்தலுக்கு முன்பே கிளையில் போய்க் கேட்டுவிடுவது நல்லது. ஓடிபி இந்திய நம்பருக்குத்தான் வரும். அந்த சிம்மைச் சர்வதேச ரோமிங் திறந்து, ரீசார்ஜ் விடாமல் வைத்திருக்க வேண்டும். புதிய ஆட்களுக்கு வங்கி அதிகாரம் கிடைக்கும்வரை பழைய கமிட்டியின் கையெழுத்தே தொடரும் என்று ஏஜிஎம் தீர்மானத்திலேயே ஒரு வரி சேருங்கள். இல்லாவிட்டால் இரண்டு மூன்று வாரம் சம்பளம் போடக்கூட ஆள் இருக்காது.

50,000 ரூபாய்க்கு மேல் காசோலை கொடுத்தால் பாசிட்டிவ் பே விவரத்தை, அதாவது காசோலையின் தேதி, பெயர், தொகையை, முன்கூட்டியே வங்கிக்குக் கொடுத்துவிடுங்கள். 5 லட்சத்துக்கு மேல் பல வங்கிகள் அது இல்லாமல் காசோலையைத் திருப்பிவிடும்.

ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்: வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு விமானம் ஏறாதீர்கள். வெற்று லெட்டர்பேடிலும்தான்.

பழைய செயலாளர்

வெற்றுக் காசோலை விஷயத்துல நூறு மார்க். "உங்களத்தான் சார் நம்பறோம், போட்டுக் குடுங்க"ன்னு நயமாத்தான் கேப்பாங்க.

எட்டாவது மாடி

நன்றி. பத்திரத்தில் முதல் பெயர் என்னுடையதுதான், இப்போதே பார்த்துவிட்டேன். பைலாவில் "வசிக்கும்" என்ற சொல் இல்லை. காணொளி பற்றி ஒன்றும் இல்லை.

செலவுச் சரிபார்ப்பு பற்றி யாராவது சொல்லுங்கள். மாதம் பெரிய தொகை லாரித் தண்ணீருக்குப் போகிறது. பில் மட்டும்தான் வருகிறது.

சம்ப் மூடி

தண்ணீர் பில்லைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. சம்ப்பைத்தான் பார்க்க வேண்டும். அதை சிங்கப்பூரிலிருந்தே பார்க்கலாம்.

பில்டர் கொடுத்த வரைபடத்தில் சம்ப்பின் உள் அளவு இருக்கும். 6 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 24 சதுர மீட்டர். தண்ணீர் 1 செ.மீ. ஏறினால் 240 லிட்டர். அப்படியானால் 12,000 லிட்டர் லாரி ஒன்று முழுதாகக் கொட்டினால் மட்டம் 50 செ.மீ. ஏற வேண்டும். 42 செ.மீ.தான் ஏறியது என்றால் வந்தது 10,080 லிட்டர். ஒரு லோடுக்கு 1,920 லிட்டர் குறைவு. ஆறு லோடுக்கு ஒரு லோடு, கிட்டத்தட்ட, காற்றுக்குக் காசு.

செய்ய வேண்டியது: சம்ப் உள்சுவரில் செ.மீ. அளவுகோலை எபாக்ஸி பெயின்ட்டில் எழுதச் சொல்லுங்கள், திறப்புக்கு நேர் கீழே, டார்ச் அடித்தால் தெரியும் இடத்தில். லாரி வந்ததும் மேல்தொட்டிக்கு ஏற்றும் மோட்டாரை நிறுத்த வேண்டும். போர் தண்ணீரும் மெட்ரோ தண்ணீரும் விழும் வால்வுகளை மூட வேண்டும். கொட்டுவதற்கு முன் ஒரு படம், கொட்டி முடிந்து அலை அடங்கியபின் ஒரு படம், லாரி நம்பர் தெரிய ஒரு படம். நேரம் பதியும் செயலியில் எடுத்தால் நல்லது. மூன்றும் ஒரு தனி வாட்ஸ்அப் குழுவுக்கு. மாதக் கடைசியில் பில்லில் உள்ள லோடு எண்ணிக்கையையும் படங்களையும் ஒப்பிட்டு, படம் இல்லாத லோடுக்குப் பணம் இல்லை என்று ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள்.

இதில் தவறு வரும் இடங்கள் இரண்டு. சம்ப் நடுவில் தூணோ தடுப்புச் சுவரோ இருந்தால் பரப்பு குறையும். அதைக் கழிக்காமல் கணக்குப் போட்டால் எல்லா லோடும் கூடுதலாகவே தெரியும், குறைவு மறைந்துவிடும். இரண்டாவது, மோட்டாரை நிறுத்த மறந்தால் நல்ல லாரிக்காரரைத் திருடன் என்று சொல்லிவிடுவீர்கள். ஒரு லோடை வைத்துச் சண்டைக்குப் போகாதீர்கள். பத்து லோடு சராசரி எடுங்கள்.

லாரி தொட்டி நிறைந்திருக்கிறதா என்று ஏறிப் பார்த்து வாட்ச்மேன் கையெழுத்துப் போடுவது போதாது. நிறைந்த தொட்டியையும் முழுக்க வடிய விடாமல் வால்வை மூடிக்கொண்டு போகலாம்.

வாரம் ஒருமுறை தண்ணீரில் கரைந்துள்ள உப்பின் அளவான டிடிஎஸ் பார்க்கச் சொல்லுங்கள் (வருமான வரி டிடிஎஸ் இல்லை, அதை டேலி தம்பி சொல்வார்). கையடக்க மீட்டர் விலை குறைவு. இந்தியத் தர நிர்ணயம் குடிநீருக்கு ஏற்கத்தக்கது என்று சொல்வது லிட்டருக்கு 500 மி.கி., வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை. வழக்கமாக 700 காட்டும் இடத்தில் திடீரென்று 1,600 காட்டினால் சப்ளையர் கிணற்றை மாற்றிவிட்டார் என்று அர்த்தம்.

சம்ப் மூடி

டீசல் பற்றித் தனியாக.

ஜென்செட் (டீசல் ஜெனரேட்டர்) கன்ட்ரோலர் திரையில் ஓடிய மணி, உற்பத்தியான யூனிட் இரண்டும் இருக்கும். மாதம் 1-ஆம் தேதி அந்தத் திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். டீசல் டேங்க் மட்டத்தையும்.

உதாரணத்துக்கு 125 கேவிஏ ஜென்செட். முக்கால் சுமையில் மணிக்குச் சுமார் 20 லிட்டர் குடிக்கும். ஆனால் குடியிருப்பில் அந்தச் சுமை வராது. லிஃப்ட், பம்ப், பொது விளக்கு, வீட்டுக்கு ஒரு குறிப்பிட்ட வாட் என்று மூன்றில் ஒரு பங்கில்தான் ஓடும். அங்கே ஒரு யூனிட்டுக்கு 0.30 முதல் 0.33 லிட்டர் வரை ஆகும். ஒரு மாதத்தில் 18.5 மணி ஓடி 640 யூனிட் காட்டினால் 200 லிட்டர் பக்கம் வர வேண்டும். 260 லிட்டருக்கு பில் இருந்தால் யூனிட்டுக்கு 0.41. அந்த 60 லிட்டர் எங்கே என்று கேட்கலாம்.

உடனே திருட்டு என்று முடிவு கட்டாதீர்கள். காற்று ஃபில்டர் அடைத்திருந்தாலும் இன்ஜெக்டர் கெட்டிருந்தாலும் கூடும். கரும்புகை வருகிறதா என்று கேளுங்கள். புகை இல்லை, சர்வீஸும் சமீபத்தில் ஆனது, ஆனாலும் 0.41 என்றால் கேனில் போகிறது.

லிட்டர் கணக்கைவிட மணிக்கணக்கை வைத்து ஏமாற்றுவது எளிது என்பதால்தான் யூனிட்டைப் பிடிக்கச் சொல்கிறேன். லோடே இல்லாமல் ஓடவிட்டு மணியைக் கூட்டலாம். யூனிட்டைக் கூட்ட முடியாது.

கடற்கரைச் சாலை

எஸ்டிபிக்கும் இப்படி ஏதாவது உண்டா? ஆபரேட்டர் "எல்லாம் ஓகே சார்" என்று மட்டும் எழுதுகிறார்.

சம்ப் மூடி

உண்டு. ஏரேஷன் (காற்றூட்டும்) தொட்டியிலிருந்து 1 லிட்டர் அளவு ஜாடியில் எடுத்து ஆடாமல் வைத்து, 30 நிமிடம் கழித்துப் படம். அடியில் பழுப்பாகச் சுமார் 300 மி.லி. படிந்து, மேலே தெளிவாக இருந்தால் நுண்ணுயிர் நன்றாக இருக்கிறது. 50 மி.லி.தான் படிகிறது என்றால் ஸ்லட்ஜ் (நுண்ணுயிர்ச் சேறு) போதாது. 700 என்றால் வெளியேற்றவில்லை, அல்லது படிய மறுக்கிறது. கறுப்பாக இருந்தால் காற்று போகவில்லை, ப்ளோயரை நிறுத்தி மின்சாரம் மிச்சப்படுத்துகிறார்கள். வாரம் ஒரு படம் போதும். ஆபரேட்டரின் "ஓகே"வைவிட ஜாடி நேர்மையானது.

தெற்கு வாசல்

செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங் ஏஜென்சி பில்தான் எங்கும் பெரிய தொகை. வெளிநாட்டில் இருப்பவர் எடுத்துக்கொள்ள ஏற்ற வேலை அதைச் சரிபார்ப்பது. முழுக்க ஆவணம்.

பில்லோடு மூன்று தாள் வர வேண்டும்: அந்த மாத வருகைப் பதிவேடு, பிஎஃப் சலானோடு பெயர்ப்பட்டியல், இஎஸ்ஐ சலானோடு பெயர்ப்பட்டியல். சலான் மட்டும் வாங்கினால் பயனில்லை. ஏஜென்சி தன் எல்லா சைட்டுக்கும் சேர்த்து ஒரே சலான் கட்டியிருக்கும். பெயர்ப்பட்டியலில் உங்கள் வாட்ச்மேன்கள் பெயர் இருக்கிறதா என்று தேட வேண்டும். பில்லில் 14 பேருக்கு பிஎஃப் வாங்கிக்கொண்டு பட்டியலில் 9 பேர் மட்டும் இருப்பது ரொம்ப சாதாரணம். பிஎஃப், இஎஸ்ஐ இரண்டும் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். ஆகையால் ஜூன் பில்லுக்கு மே மாதச் சலானைக் கேட்பது வழக்கம்.

விகிதம்: பிஎஃப்பில் முதலாளி பங்கு 12 சதவீதம், இஎஸ்ஐயில் 3.25. தொழிலாளியிடம் இஎஸ்ஐக்குப் பிடிப்பது 0.75. மாதச் சம்பளம் 21,000-க்கு மேல் உள்ளவருக்கு இஎஸ்ஐ வராது. பில்லில் இதற்கு மேல் ஏதாவது "சட்டப்பூர்வச் செலவு" என்று இருந்தால் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

ஒரே ஆள் பகலும் இரவும் இரண்டு பெயரில் இருக்கிறாரா என்பதும் உண்டு. கேட் கேமராப் பதிவை மாதத்தில் ஏதாவது இரண்டு நாள், சொல்லாமல், காலை 7 முதல் 8 மணி வரை ஓட்டிப் பார்த்தால் ஷிஃப்ட் மாறுகிறதா என்று தெரிந்துவிடும்.

மூன்றாம் நபர்

குறுக்கே ஒரு கேள்வி. வாடகைக்கு விட்டிருப்பவர் கமிட்டியில் இருந்தால் பெயின்டிங், லிஃப்ட் மாற்றம் எதற்கும் பணம் ஒதுக்க விடமாட்டார். அவருக்கு வாடகை வந்தால் போதும். இதற்கு என்ன பதில்?

பழைய செயலாளர்

நியாயமான கேள்வி. ஆனா குடியிருக்கறவங்கள்லயும் "எதுக்கு இப்போ பெயின்ட்"னு கேக்கறவங்க உண்டு. அதுக்குத்தான் ஒரு ஆள் விருப்பத்துல விடாம, பெரிய செலவுக்குச் சேத்து வைக்கற கார்பஸ் நிதிக்குத் திட்டம் எழுதி வைக்கணும். லிஃப்ட், ஜென்செட், பம்ப், மொட்டைமாடி வாட்டர்ப்ரூஃபிங், வெளிப்பூச்சு, எஸ்டிபி. ஒவ்வொண்ணும் எந்த வருஷம் போட்டது, எத்தனை வருஷம் தாங்கும், மாத்த எவ்வளவு, அதுக்கு இப்போலேர்ந்து மாசம் எவ்வளவு எடுத்து வைக்கணும். இந்த எக்ஸெல் ஷீட்டை எட்டாவது மாடி தம்பி செஞ்சு ஏஜிஎம்ல வெச்சாருன்னா யாரும் வாயத் திறக்க மாட்டாங்க. தூரத்துல இருந்து செய்யறதுக்கு இதவிட நல்ல வேலை கிடையாது.

டேலி தம்பி

வரி விஷயம். மூன்று மட்டும் சொல்கிறேன்.

டிடிஎஸ், அதாவது பணம் கொடுக்கும்போதே பிடித்துக் கட்டும் வருமான வரி. செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், லிஃப்ட் ஏஎம்சி, பெயின்டிங் கான்ட்ராக்ட் எல்லாவற்றிலும் பிடிக்க வேண்டும். ஒரே பில் 30,000-ஐத் தாண்டினாலோ ஆண்டு மொத்தம் 1 லட்சத்தைத் தாண்டினாலோ வரும். தனிநபருக்கு 1 சதவீதம், கம்பெனிக்கும் கூட்டு நிறுவனத்துக்கும் 2. பில்லில் ஜிஎஸ்டி தனியாகக் காட்டியிருந்தால் அதைக் கழித்துவிட்டுக் கணக்கிடலாம். கம்பெனியின் 1,40,000 ரூபாய் பில்லுக்குப் பிடிப்பது 2,800. அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும், மார்ச் மாதத்துக்கு மட்டும் ஏப்ரல் 30. பிடித்துவிட்டுத் தாமதமாகக் கட்டினால் மாதத்துக்கு 1.5 சதவீத வட்டி. ஒரு நாள் தாண்டினாலும் முழு மாதமாகக் கணக்கிடுவார்கள். காலாண்டு அறிக்கை தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய். தன்னார்வக் கமிட்டிகள் கோட்டை விடுவது இங்கேதான். நாள்காட்டியில் போட்டு வைத்தால் சிங்கப்பூரிலிருந்தே செய்யலாம்.

வட்டி வருமானம். மெயின்டனன்ஸ் வசூல் உறுப்பினர்கள் தங்களுக்குள் போட்டுக்கொள்ளும் பணம், அதற்கு வருமான வரி இல்லை. ஆனால் கார்பஸை வங்கி எஃப்டியில் போட்டால் வரும் வட்டிக்கு உண்டு. 2013-இல் உச்ச நீதிமன்றம் பெங்களூர் கிளப் வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. மொட்டைமாடி செல்போன் டவர் வாடகையும் வரிக்குள் வரும்.

ஜிஎஸ்டி. சங்கத்தின் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டி, மெயின்டனன்ஸ் வீட்டுக்கு மாதம் 7,500-ஐயும் தாண்டினால் 18 சதவீதம்.

ஓஎம்ஆர் மணி

7,500 தாண்டினால் முழுத் தொகைக்கும் ஜிஎஸ்டி போட வேண்டும். எங்கள் ஆடிட்டர் அப்படித்தான் செய்கிறார்.

டேலி தம்பி

2019 ஜூலையில் வந்த மத்திய வரி வாரியத்தின் சுற்றறிக்கை அப்படித்தான் சொன்னது. 2021 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 7,500-க்கு மேல் உள்ள தொகைக்கு மட்டும்தான் வரி என்று தீர்ப்பு. மாதம் 8,200 ரூபாய் என்றால், தீர்ப்பின்படி 700 ரூபாய்க்கு 126. சுற்றறிக்கைப்படி 8,200-க்கு 1,476. 96 வீடு, 12 மாதம் என்று பெருக்கிப் பார்த்தால் வித்தியாசம் 15 லட்சத்தைத் தாண்டுகிறது. ஆடிட்டரிடம் எந்த அடிப்படையில் செய்கிறார் என்று எழுத்தில் கேளுங்கள்.

ஒருவருக்கு இரண்டு வீடு இருந்தால் 7,500 ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி.

துணைவிதி

கூட்டம், தீர்மானம் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டோம்.

வாட்ஸ்அப்பில் ஏழு பேர் கட்டைவிரல் காட்டுவது தீர்மானம் ஆகாது. நிகழ்ச்சி நிரலோடு அழைப்பு, கோரம், முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், எதிர்த்தவர், தொகை எல்லாம் மினிட்ஸ் புத்தகத்தில் ஏற வேண்டும். காணொளியில் வந்தவர் பெயருக்கு எதிரே "காணொளி வழியாக, சிங்கப்பூர்" என்று எழுதி, அவர் மின்னஞ்சலில் அனுப்பிய ஒப்புதலை அச்செடுத்து ஒட்டுங்கள். நேரில் வரும்போது அந்தப் பக்கங்களில் கையெழுத்து. முன்தேதி போடாதீர்கள். கையெழுத்துக்குக் கீழே உண்மையான தேதியையே எழுதுங்கள்.

நேரம்: சென்னையில் ஞாயிறு மாலை 7 மணி என்றால் சிங்கப்பூரில் இரவு 9:30, துபாயில் 5:30, நியூயார்க்கில் கோடையில் காலை 9:30, குளிர்காலத்தில் 8:30. மூன்று பக்கமும் தாங்கும் நேரம் அதுதான். சிட்னியில் இருப்பவர் பாவம், நள்ளிரவு.

கோட்டேஷன் திறக்கும் கூட்டத்தை மட்டும் காணொளியில் நடத்தும்போது ஒரு முன்னேற்பாடு. சங்கத்தின் பொது மின்னஞ்சலுக்கு, கடவுச்சொல் போட்ட பிடிஎஃப்பாக வாங்குங்கள். கடவுச்சொல்லைக் கூட்டம் தொடங்கியபின் சப்ளையர் அனுப்பட்டும். கோட்டேஷன்களை யாரோ முன்பே பிரித்துப் பார்த்தார் என்ற பேச்சு எழாது.

எட்டாவது மாடி

என் அப்பா தாம்பரத்தில் இருக்கிறார். அவருக்குப் பவர் (அதிகாரப் பத்திரம்) கொடுத்தால், கமிட்டிக் கூட்டத்தில் எனக்குப் பதில் அவர் உட்காரலாமா?

துணைவிதி

பொதுக்குழுவில் வாக்களிக்கலாம், பைலா பதிலாள் வாக்கை அனுமதித்தால். கமிட்டியில் உட்கார முடியாது. தேர்ந்தெடுத்தது உங்களை. அந்தப் பொறுப்பை நீங்களாக இன்னொருவருக்குக் கைமாற்ற முடியாது. அப்பா வந்து உட்கார்ந்து வாக்களித்த தீர்மானத்தை யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். பார்வையாளராக வரட்டும், சம்ப் அளவுகோலைப் பார்த்துச் சொல்லட்டும். அது பெரிய உதவி.

பவர் எழுதுவதானால்: சிங்கப்பூரில் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்குங்கள். ஆவணம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். அந்தக் கெடுவைத் தாண்டவிட்டுப் பிறகு அபராதத்தோடு அலைபவர்கள் நிறைய. கூரியர் உறையை எறியாதீர்கள், வந்து சேர்ந்த தேதிக்கு அதுதான் சான்று. வீட்டை விற்கும் அதிகாரத்தை அதிலேயே சேர்க்காதீர்கள். சங்க வாக்கு, மெயின்டனன்ஸ், வாடகை ஒப்பந்தம் என்று தேவையானதை மட்டும் எழுதுங்கள்.

பழைய கட்டடங்களில் வீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. 2022 சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம். வெளிநாட்டில் இருக்கிறேன் என்று கடிதத்துக்குப் பதில் போடாமல் இருந்தால், உங்களை விட்டுவிட்டு எண்ணிக்கை சேர்ந்துவிடும்.

ஃப்ரீமான்ட் வாசி

நான் ஓசிஐ. எங்கள் வளாகத்தில் குழந்தைகள் பூங்காவுக்கு டாலரில் நன்கொடை கொடுக்க நான்கு பேர் தயார். சங்கக் கணக்குக்கு அனுப்பலாமா?

டேலி தம்பி

வேண்டாம் சார். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் என்ஆர்ஐ தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகக் கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஓசிஐ அட்டை வைத்திருப்பவர் வெளிநாட்டுக் குடிமகன். அவர் தரும் நன்கொடை, வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டமான எஃப்சிஆர்ஏவுக்குள் வரும். அந்தப் பதிவு உங்கள் சங்கத்திடம் இருக்காது. மெயின்டனன்ஸ் வேறு, அது சேவைக்கான கட்டணம். அதையும் என்ஆர்ஓ கணக்கிலிருந்து ரூபாயில் கட்டிவிட்டால் யாருக்கும் கேள்வி வராது. பூங்காவுக்குப் பணம் வேண்டுமென்றால் பொதுக்குழுவில் எல்லா வீட்டுக்கும் ஒரே சிறப்பு வசூலாகத் தீர்மானம் போட்டு வசூலியுங்கள்.

எட்டாவது மாடி

பொருளாளர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உறுப்பினராக நின்று, ஏஜென்சி பில் சரிபார்ப்பு, டிடிஎஸ் நாள்காட்டி, கார்பஸ் ஷீட் மூன்றையும் எடுத்துக்கொள்கிறேன். வங்கியில் மூன்றாவது செக்கர். கட்டடம் கைக்கு வந்து நாலரை வருடம் ஆகிறது, பில்டரிடம் வாங்க வேண்டியது ஏதாவது பாக்கி இருக்குமா?

தெற்கு வாசல்

நாலரை வருடமா? அப்படியானால் ஏஜிஎம்முக்குக் காத்திருக்காதீர்கள். ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில் கட்டுமானக் குறைக்கான பொறுப்புக் காலம் வீடு ஒப்படைத்ததிலிருந்து 5 ஆண்டு. அதற்குள் எழுத்தில் சொன்னால் பில்டர் 30 நாளில் காசு வாங்காமல் சரிசெய்ய வேண்டும். வெளியிலிருந்து ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை வைத்து மொட்டைமாடி, வெளிச்சுவர் விரிசல், கீழ்த்தளக் கசிவு, சம்ப், எஸ்டிபித் தொட்டிச் சுவர் எல்லாம் பார்த்து, படத்தோடு அறிக்கை வாங்குங்கள். தற்போதைய செயலாளர் கையெழுத்தில் ஸ்பீட் போஸ்ட்டிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். தபால் ஒப்புகையை ஸ்கேன் செய்து வையுங்கள். வீட்டுக்கு வீடு ஒப்படைத்த தேதி மாறும், முதல் வீட்டின் தேதியைக் கெடுவாக எடுத்துக்கொள்வது பாதுகாப்பு.

அதே கடிதத்தில் ஆவணங்களையும் கேளுங்கள்: அனுமதி பெற்ற வரைபடம், கட்டியபடியான குழாய், மின்சார வரைபடங்கள், நிறைவுச் சான்று, லிஃப்ட் உரிமம், தீயணைப்புத் தடையின்மைச் சான்று, எஸ்டிபி வடிவமைப்புக் கணக்கு. சம்ப்பின் உள் அளவும் அந்த வரைபடத்தில்தான் இருக்கிறது.